நான்கெல்லைச் சாட்சி

கீழ்வானம் வெளுக்குமுன்பே அவர்கள் வயலில் குனிந்திருந்தனர். பதினொரு நாள் விடாது பெய்து ஓய்ந்த மழை நிலத்தைக் கூழாக்கி வைத்திருந்தது. தாளைப் பற்றி இழுத்தால் தாள் மட்டுமே கையோடு வந்தது. அடியிலிருந்த வெங்காயம் மண்ணுக்குள்ளேயே கரைந்து, விரலால் தோண்டினால் வழுவழுவென்று நழுவிற்று. அழுகிய வெங்காயத்தின் நாற்றம் மூக்கோடு நின்றுவிடுவதன்று. கண்ணில் ஏறும், நாவில் படியும், பருகும் நீரிலும் போர்த்தும் துணியிலும் தொடர்ந்து வந்து உறங்கும்போது அருகே படுத்துக்கொள்ளும்.

வெங்காயம் ஊன்றும் நீள்மேடான பார் ஒன்றை முடித்துக் கொத்துக்காரி இடுப்பை நிமிர்த்தினாள். மண் வெட்ட ஆண்கள் பிடிக்கும் பெருங்கொத்தை மூன்றாண்டுகளுக்கு முன் அவள் கையில் எடுத்த நாள்முதல் ஊரார் வழங்கும் பெயர் அது. கூடையின் அடியில் ஒரு பிடியளவே நல்ல காய் கிடந்தது. வரப்பின்மேல் கோணி விரித்து அமர்ந்திருந்த அவள் கணவன் அதையும் எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வலக்கால் கணுக்காலோடு முடிந்துவிட்டது.

“என்னங்க, தேறுமா?”

“தேறும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரு வேளைச் சமையலுக்குத் தேறும். விருந்தாளி வந்தா தேறாது.”

அவன் பேச்சு எப்போதும் அப்படித்தான். கால் போனபின் தனக்கு ஒற்றைச்செருப்பு என்று பெயர் சூட்டிக்கொண்டவனும் அவனே. பாதி விலைதான் தருவேன் என்று செருப்புக்கடைக்காரரோடு அரைநாள் வழக்காடிய கதையை அவன் சொல்லக் கேட்காதவர் அவ்வூரில் இலர்.

ஆனால் அன்று அவள் சிரிக்கவில்லை. வயலில் நின்றது மட்டும் அழுகியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த போகத்துக்கென்று பட்டறையில் காத்துவைத்த விதைக்காயிலும் நீர் இறங்கிவிட்டது. தரையினின்று ஒரு முழம் உயர்த்தி, நாற்புறமும் தட்டி அடைத்து, காற்றோட்டமாகக் கட்டிய அச்சிறு கூட்டைத்தான் பட்டறை என்பர். கூரை பிய்ந்த மூன்றாம் நாள் அதைத் திறந்தபோது மேல்வரிசை முழுதும் பூஞ்சை பூத்திருந்தது. மிஞ்சியதைக் கொண்டு வயலில் கால் பங்கைக்கூட நட முடியாது.

நட முடியாவிட்டால் நிலம் போய்விடும். அங்கே வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசையில் ஒன்பது வயல்கள். ஒன்பதும் ஒருவருக்கே உரியவை. ஒன்பது குடும்பங்கள் பதினான்கு ஆண்டுகளாக அவற்றை வாய்ச்சொல் குத்தகைக்கு உழுது வந்தன. மாத முடிவில் எந்த வயல் வெறுமையாகக் கிடக்கிறதோ அது முதலாளியிடம் திரும்பிவிடும் என்பது குத்தகை தொடங்கிய அன்றே அவர் விதித்த விதி. கோழிப்பண்ணைக் கம்பெனி ஒன்று அந்நிலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போனதையும் எல்லாரும் கண்டிருந்தனர். மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. ஒன்பது வயல்களின் நடுவயல் கொத்துக்காரியுடையது.

அன்று நண்பகலில் கூட்டுறவுக் கிடங்கின் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. கிடங்கில் மூட்டை நிறுப்பவன் கொத்துக்காரியின் தம்பி. தராசுக்காரன் என்றால் எல்லாருக்கும் தெரியும். அவன்தான் ஆள்விட்டு அனைவரையும் வரவழைத்தான்.

“சத்தமா படிக்கிறேன், கேளுங்க. அப்புறம் நான் படிச்சேன்னு யாரும் சொல்லாதீங்க,” என்று தொடங்கினான்.

மழையால் பயிரிழந்தோர்க்கு அரசு மானியம் வழங்கும். மறுபோகத்துக்கு விதையும் அதிலேயே அடங்கும். வழக்கம்போல் நிலவுடைமையாளர்க்கன்று, நிலத்தை உழுது பயிரிடுவோர்க்கே இம்முறை அது சேரும். பயிரிடுவோர் எழுத்து ஆவணம் இல்லாதவராயின், அவர் நிலத்தை ஒட்டிய எல்லைகளில் பயிரிடுவோர் நேரில் வந்து உரைக்கும் சாட்சி ஏற்கப்படும். ஆய்வாளர் மூன்றாம் நாள் காலையில் வருவார்.

படித்து முடித்ததும் எல்லாரும் சுவரருகே நெருங்கி அந்தத் தாளைப் பார்த்தார்கள். கிடங்கின் தகரக் கூரை வெயிலில் காய்ந்து படபடத்தது.

“அப்போ நமக்குத்தானே?” என்று கேட்டார் வடக்கு வரப்பு அண்ணன். கொத்துக்காரியின் வயலுக்கு வடபுறம் உழுபவர் அவர். எதையும் இருமுறை கேட்டுவிட்டே நம்புவார். “உழுறவங்கன்னா நாமதானே?”

“நாமதான்,” என்றான் ஒற்றைச்செருப்பு. “ஆனா அதை யாருகிட்ட போய்ச் சொல்லுவீங்க? இல்லைன்னு சொன்னதும் நாமதானே.”

அதுதான் உண்மை. ஆண்டுக்கு இருமுறை பயிர்க்கணக்கு எடுக்க ஆய்வாளர் வருவார். வரப்பில் நின்று, “இந்த நிலத்தை யார் பயிரிடுகிறார்?” என்று கேட்பார். “முதலாளிதாங்க. நாங்க கூலிக்கு வந்தோம்” என்று ஒன்பது வயல்களிலும் ஒரே விடை எழும். குத்தகைக்காரர் என்று அரசுப் பதிவில் பெயர் ஏறினால் அரசு தரும் மற்ற உதவிகள் நின்றுவிடும், வரி தேடி வரும் என்று முதலாளி முதலாண்டில் சொல்லியிருந்தார். நம்பினார்கள். நம்பியதோடு நிற்கவுமில்லை, அவ்விடையைச் செம்மையாகச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு பெருமிதமே இருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் தம் கொத்தையும் கூடையையும் ஒளித்துவைப்பார்கள். புதிதாய் மணமாகி வந்த மருமகள்களுக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழக்குவார்கள். கூலியாள் போல் நடிப்பதில் வல்லவன் ஒற்றைச்செருப்பு. எத்தனை மணிக்கு விடுவார்கள் என்று ஆய்வாளரிடமே கேட்டு அவரைச் சிரிக்க வைப்பான். இறைவன் மனிதனுக்கு நாவைத் தந்தது மெய்யுரைக்க என்பர். அவர்களோ அந்நாவினாலேயே தம் காலடி மண்ணைப் பதினான்கு ஆண்டுகளாய்ப் பிறருக்குத் தாரை வார்த்திருந்தனர்.

“பதினாலு வருஷம் பொய் சொன்னோம்னு சொல்லணும்,” என்றாள் தெற்கு வயலின் பெண்ணொருத்தி. “உள்ளே போட்டுட்டா?”

“போடலாம். அபராதம் விதிக்கலாம். அதுவும் சட்டத்துல இருக்கு,” என்றான் தராசுக்காரன். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஒருத்தர் மட்டும் போய்ச் சொன்னா செல்லாது, அக்கா. நீ உழுறேன்னு வடக்குல இருக்கறவர் சொல்லணும். அவர் சொல்லு செல்லணும்னா அவரும் உழுறவர்னு நீ சொல்லணும். சுத்தி வந்து பார்த்தா ஒன்பது பேரும் சொன்னாத்தான் நிக்கும். நடுவுல நீ விட்டா நாலு பக்கமும் போயிடும்.”

அன்று மாலையே முதலாளியைப் பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. சண்டைக்கன்று, அவரே மனமிரங்கி ஒப்புக்கொண்டுவிட்டால் ஒருவரும் பொய்யரென்று பெயர் வாங்க வேண்டியதில்லையே என்ற நப்பாசைதான்.

முதலாளியின் முன்கூடம் முகம் பார்க்கும்படி துடைக்கப்பட்டிருந்தது. சேறு படிந்த பதினேழு செருப்புகள் வாசலில் நின்றன.

“உட்காருங்க,” என்றார் அவர். கூடத்தில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் அவர் அமர்ந்திருந்தார்.

“நிக்கிறோம்ங்க,” என்றாள் கொத்துக்காரி. “இந்தத் தடவை மானியம் பயிர் வெச்சவங்க பேருக்குன்னு ஒட்டியிருக்காங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னா...”

“பயிர் வெச்சவங்க யாரும்மா?” அவர் குரலில் சினம் இல்லை. பள்ளியில் பாடம் ஒப்பிக்கச் சொல்லும் ஆசிரியர் போல் கேட்டார். “பதினாலு வருஷமா அரசாங்கப் புத்தகத்துல என் பேர் இருக்கு. அதை நானா எழுதினேன்? நீங்க சொன்னீங்க, அவங்க எழுதினாங்க. நான் பக்கத்துலகூட நிக்கலையே.”

“நீங்க சொல்லச் சொன்னதுங்க அது.”

“எழுதிக் கொடுத்தேனா?”

“இல்லைங்க.”

“அப்புறம் என்ன?”

சுவரோரமாய் ஊன்றுகோலில் சாய்ந்திருந்த ஒற்றைச்செருப்பு தொண்டையைச் செருமினான்.

“ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். உங்க டிராக்டர்ல உங்க மூட்டையை ஏத்திக்கிட்டு நான் வந்தப்பதான் டிரெய்லர் கவுந்து என் கால் போச்சு. அப்ப தொழிலாளர் ஆபீசுக்கு நீங்க ஒரு கடிதம் போட்டீங்க. இவன் என்கிட்ட கூலிவேலை பார்க்கிறவன் இல்லை, குத்தகைக்காரன், அவன் சொந்த வேலையில அவன் காலை விட்டான்னு. மானியம் வர்ற அன்னிக்கு நான் கூலி. கால் போன அன்னிக்குக் குத்தகைக்காரன். இன்னிக்கு யாருன்னு சொல்லிட்டீங்கன்னா, வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிகிட்ட என்னை நானே அறிமுகப்படுத்திக்குவேன்.”

இரண்டு பேர் சிரித்து, சிரித்ததை உடனே விழுங்கினர். வடக்கு வரப்பு அண்ணன் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாய் நீளம்தான் உனக்கு,” என்றார் முதலாளி. “நான் யாரையும் பொய் சொல்லச் சொல்லலை. வழக்கமா சொல்றதைச் சொல்லுங்கன்னுதான் சொல்றேன். மானியம் என் பேருக்கு வரட்டும். விதை நானே வாங்கித் தர்றேன். விளைஞ்சதும் திருப்பிக் கொடுங்க. மாத்திச் சொல்றவங்க அதுக்கு வர்ற வழக்கைப் பார்த்துக்கட்டும். வயலை நான் பார்த்துக்கிறேன்.”

அவர் எழுந்தார். நாற்காலி காலியாயிற்று. எனினும் யாரும் உட்காரவில்லை.

மறுநாள் பிற்பகலில் முதலாளியின் கணக்கர் கொத்துக்காரியின் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். கூரையின் ஒழுக்கைப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு வந்த செய்தியைச் சொன்னார்.

“அந்தக் கடிதத்தோட நகல் உங்ககிட்ட இருக்கும்ல? முதலாளி கையெழுத்து, குத்தகைக்காரர்னு அவரே எழுதினது. உங்க வயலுக்கு அதுவே ஆவணம். சாட்சியே வேண்டாம். முதலாளியும் மறுக்க மாட்டார். மானியம் உங்க பேருக்கே வரும்; வயலும் உங்ககிட்டயே இருக்கும்.”

“அதுக்கு நாங்க என்ன செய்யணும்?” என்றாள் அவள்.

“ஒண்ணும் செய்ய வேண்டாம்மா. அதுதான் விஷயமே. வடக்குல யாரு, தெற்குல யாருன்னு கேட்டா, தெரியாதுன்னு சொன்னாப் போதும். தெரியாதுங்கிறது பொய்யா? அவங்கவங்க வரப்பு அவங்கவங்களுக்கு.”

கணக்கர் படியிறங்கிச் சென்றார். ஒற்றைச்செருப்பு அலமாரியின் அடித்தட்டிலிருந்து அந்த நகலை எடுத்துவரச் சொன்னான். நான்காய் மடித்த தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதைக் கொண்டே தொழிலாளர் அலுவலகம் அவனுடைய இழப்பீட்டு மனுவைத் தள்ளியிருந்தது.

“வாங்கிக்குவோம்,” என்றான் அவன். முதன்முறையாக அவன் குரலில் கோணல் இல்லை.

“மத்தவங்க?”

“மத்தவங்களா? நான் வண்டிக்கு அடியில கிடந்தப்ப வடக்கு வரப்புல நின்னுக்கிட்டிருந்தது யாரு? ஓடி வந்து தூக்கினது யாரு? முதலாளி மூட்டைதான்னு பார்த்தது யாரு? அண்ணன்தானே. ஆபீசுல கூப்பிட்டுக் கேட்டப்ப என்ன சொன்னார்? நான் குனிஞ்சு களை எடுத்துக்கிட்டிருந்தேன், ஒண்ணும் பார்க்கலைன்னு. அந்த ஒரு வார்த்தையில என் கால் ரெண்டாந்தடவை போச்சு. இப்ப அவருக்கு நீ சாட்சி சொல்லணுமா?”

அவன் சொன்னதில் ஓர் எழுத்தும் பிழையில்லை. மூன்றாண்டுகளாய் அந்த வடக்கு வரப்பைத் தாண்டி அவள் ஒரு சொல் பேசியதில்லை. மடை வெட்டி நீரை மாற்றும்போதும் கையால் சாடை காட்டுவதோடு சரி. கடிதத்தைக் காட்டினால் விதை கையில் வரும், வயல் நிலைக்கும், கூரைக்கு நான்கு தகடும் வாங்கலாம். தெரியாது என்ற ஒற்றைச் சொல்தான் விலை. அதைவிட நீளமான பொய்யை அவள் ஆண்டுக்கு இருமுறை சொல்லிப் பழகியவள்.

இறைவனை வேண்டுவதென்றால் எதை வேண்டுவது என்றும் அவளுக்குத் தெரியவில்லை. நல்லவளாக்கு என்றா, வயலைக் காப்பாற்று என்றா? இரண்டையும் ஒருசேரக் கேட்க அவளுக்கு வெட்கமாயிருந்தது.

மறுநாள் விடியலில் கொத்தோடு வயலுக்கு இறங்கியவள் வடக்கு வரப்பில் அசைவு கண்டு நின்றாள். அண்ணன் தம் பட்டறையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கழிகளைத் தனியே, கயிற்றைத் தனியே அடுக்கினார். அவர் மனைவி பாத்திரங்களை ஒரு பழைய போர்வையில் வைத்து முடிந்துகொண்டிருந்தாள். அடியில் கிடந்த விதைக்காய் முழுதும் கறுத்துக் கசிந்திருந்தது, ஈ மொய்த்தது.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் கொத்துக்காரி. மூன்றாண்டுக்குப்பின் அவள் அவரிடம் பேசிய முதற்சொற்கள் அவை.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். “செங்கல் சூளைக்குப் போறோம், தங்கச்சி. ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம். இங்க இருந்து என்ன பண்ண? ஒரு காய்கூட மிஞ்சலை.”

“நாளைக்கு ஆய்வாளர் வர்றாங்க.”

“தெரியும். கணக்கர் உன் வீட்டுக்கு வந்துட்டுப் போனதும் தெரியும். அதான் கிளம்பறேன்.” அவர் கயிற்றைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. “எனக்காக நீ வாயைத் திறக்க வேண்டாம். உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை. பார்க்கலைன்னு சொன்னேனே, அன்னிக்கு, பார்த்தேன். மூட்டையில முதலாளி வீட்டு முத்திரை இருந்ததையும் பார்த்தேன். சொன்னா வயல் போயிடும்னு பயம். சொல்லாம இருந்தேன். இப்ப பாரு, வயலும் போகுது.”

அவர் மனைவி முடிச்சிலிருந்து கையை எடுக்காமல் சொன்னாள்: “அன்னியிலிருந்து இவர் சரியாத் தூங்கினதே இல்லை. நானும்தான் சொல்ல வேண்டாம்னேன். பாவம்னு பார்த்தா அதுல பாதி என்னுது.”

கொத்துக்காரிக்குச் சினம் வந்தது. ஆனால் வந்த சினம் அவள் எதிர்பார்த்த திசையில் போகவில்லை. பிரித்துப் போட்ட அந்தக் கழிகளைப் பார்த்தாள். நாளை இந்த வயல் வெறுமை. மாதம் முடிந்தால் முதலாளியுடையது. அடுத்த ஆண்டு அவளுடைய வயலுக்கு வடக்கெல்லையில் கோழிக்கொட்டகை நிற்கும். அந்தக் கடிதம் ஒருமுறை விதை தரும். மறுமுறை மழை பெய்தால் நான்கு பக்கமும் திரும்பி யாரைக் கூப்பிடுவாள்? கணக்கர் தந்தது வயலன்று, ஒரு போகம்.

“அண்ணே, கழியை மறுபடி நடுங்க,” என்றாள்.

“என்னத்துக்கு?”

“நீங்க போயிட்டா எனக்கு வடக்குல யாரு? நீங்க செஞ்சதை நான் மறக்கலை. மறக்கவும் மாட்டேன். அதை வெச்சுக்கிட்டேதான் நாளைக்கு உங்களுக்குச் சாட்சி சொல்லப் போறேன். நீங்க இங்க இருந்தாத்தான் நான் உங்களைத் திட்டவே முடியும்.”

அண்ணன் கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு முகத்தைத் துடைக்கக் கையை உயர்த்தி, கையெல்லாம் அழுகல் என்று கண்டு, தோளால் துடைத்துக்கொண்டார்.

“அவன்கிட்ட நான் வந்து சொல்லணும்,” என்றார்.

வந்தார். கொத்துக்காரி வீட்டு வாசலில் நின்று, உட்காராமல், பார்த்ததெல்லாவற்றையும் சொன்னார். ஒற்றைச்செருப்பு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டான். முடிவில், “மூணு வருஷம் ஆச்சு,” என்றான். சிறிது கழித்து, “நின்னுக்கிட்டே இருக்கீங்க. உட்காருங்க. எங்க வீட்டுல நாற்காலி ரெண்டு இருக்கு,” என்றான். அவன் மன்னித்தானா என்பதை எவரும் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை. ஆனால் அன்று மாலை அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு மற்ற ஏழு வீடுகளுக்கும் அவன் நடந்தான். ஒவ்வொரு வீட்டிலும் அந்தக் கடிதத்தை விரித்துக் காட்டி, கணக்கர் பேசிய பேரத்தையும் மறைக்காமல் சொன்னான். “எங்களுக்கு விலை பேசிட்டாங்க. உங்களுக்கும் தனித்தனியா பேச வருவாங்க. என்ன விலைன்னு நமக்குள்ள சொல்லிக்குவோம், குறைச்சு வித்துடாதீங்க,” என்றான். தெற்கு வயலின் பெண் சிரிக்கத் தொடங்கி அழுதாள். கணக்கர் அவளிடம் காலையிலேயே வந்துபோயிருந்தார்.

மூன்றாம் நாள் ஆய்வாளர் வந்தார். இளம் பெண், நடந்து நடந்து முழங்கால்வரை சேறு, கையில் அரசு தந்த கணினிப் பலகை. முதலாளியும் கணக்கரும் குடைபிடித்து வரப்பில் நின்றனர். கணக்கரின் கண் கொத்துக்காரியின் மேலேயே இருந்தது.

நடுவயலில்தான் ஆய்வு தொடங்கிற்று.

“இந்த நிலத்தைப் பயிரிடுவது யார்?”

பதினான்கு ஆண்டுகள் பழகிய வாக்கியம் அவள் நாவின் நுனியில் தானாகவே வந்து நின்றது. அதை விலக்கி வேறொன்றை வைப்பதற்கு, ஒரு பார் முழுதும் கொத்துவதற்கு வேண்டிய வலிமை வேண்டியிருந்தது.

“நாங்க, மேடம். நானும் என் வீட்டுக்காரரும்.”

“வடக்கே?”

கணக்கர் இருமினார்.

“வடக்கே இந்த அண்ணன் உழுறார். பதினாலு வருஷமா. எனக்குத் தெரியும். தெற்கே அந்த அக்கா. கிழக்கேயும் மேற்கேயும் யார் உழுறாங்கன்னும் தெரியும். ஒன்பது வயலும் தெரியும்.”

ஆய்வாளர் பலகையிலிருந்து தலைநிமிர்ந்தார். “போன போகத்துப் பதிவில் நீங்களே கூலியாள் என்று சொல்லியிருக்கிறீர்கள். இங்கே இருக்கிறது.”

“சொன்னேன். பொய் சொன்னேன்.”

“அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியுமா, அம்மா? நான் எழுதினால் அழிக்க முடியாது.”

“அழிக்காதீங்க.”

முதலாளி சிரித்தார். “மேடம், இவங்க மானியம்னு கேட்டதும் பேச்சை மாத்துறாங்க. நேத்து வரைக்கும் கூலி, இன்னிக்குக் குத்தகை.”

“நேத்துக்கு முன்னாடியே நீங்க மாத்தினீங்க,” என்று ஒற்றைச்செருப்பு ஊன்றுகோலை ஊன்றி முன்வந்து அக்கடிதத்தை நீட்டினான். “மூணு வருஷத்துக்கு முன்னாடி.”

ஆய்வாளர் அதைப் படித்தார். இருமுறை படித்தார். முதலாளியின் முகத்தைப் பார்க்கவில்லை; கையெழுத்தைப் படமெடுத்துக்கொண்டார். பின் வடக்கு வரப்புக்கு நடந்தார். வடக்கு வரப்பு அண்ணன் கேள்வியை இருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு தம் எல்லைகளைச் சொன்னார். தெற்கு வயலின் பெண் தன் பெயரோடு, தன்னிடம் பேசப்பட்ட விலையையும் உரக்கச் சொன்னாள். வெயில் உச்சியை எட்டுமுன் ஒன்பது வயல்களிலும் ஒன்பது விடைகள் எழுதப்பட்டன. கூலிக்கு வந்தோம் என்று சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

“இது நேராக மானியப் பட்டியலுக்குப் போகாது,” என்றார் ஆய்வாளர், வண்டியில் ஏறுமுன். “விசாரணைக்குப் போகும். பழைய பதிவுகளுக்காக உங்கள் எல்லோருக்கும் அழைப்பு வரலாம். எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேன். என்னால் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.”

வண்டி மறைந்ததும் கணக்கர் ஒன்பது வயல்களுக்கும் நீர் இறைக்கும் பம்பு அறையைப் பூட்டினார். “விசாரணைக்குப் போகட்டும்,” என்றார் முதலாளி அமைதியாக. “மாசக் கடைசி விசாரணைக்காகக் காத்திருக்காது. ஒன்பது நாள்ல எந்த வயல் வெறுமையா இருக்குன்னு நான் வந்து பார்ப்பேன்.”

அதற்கு விடை சொல்ல அவர்களிடம் மானியமும் இல்லை, விதையும் இல்லை, நீரும் இல்லை. வரப்பிலேயே வெகுநேரம் நின்றார்கள். கைவிலங்கு வருமோ, வெளியேற்றம் வருமோ, எது முன்னே வருமோ தெரியவில்லை.

“எங்க பட்டறையில ரெண்டு கூடை தேறும்,” என்றாள் தெற்கு வயலின் பெண், யாரையும் பாராமல்.

“எங்ககிட்ட ஒண்ணரை,” என்றது வேறொரு குரல்.

“ஒரு வயலுக்குக் காணாத காயை வெச்சுக்கிட்டு ஒன்பது பேரும் ஒன்பது வயல்ல உட்கார்ந்திருக்கோம்,” என்றான் ஒற்றைச்செருப்பு. “எல்லாத்தையும் ஒரே கோணியில கொட்டுங்க. மழை ஈரம் இன்னும் அஞ்சாறு நாள் நிக்கும். பம்பைப் பூட்டினவர் மண்ணைப் பூட்டலையே. வெறுமையா விடாம எல்லா வயல்லயும் நாலு நாலு பார் நட்டா போதும். வடக்கு வயல்ல முதல்ல ஆரம்பிங்க. அண்ணன்கிட்ட ஒண்ணுமே இல்லை.”

“நாலு பார் நட்டா நட்டதா ஏத்துக்குவாங்களா?” என்றார் வடக்கு வரப்பு அண்ணன்.

“ஏத்துக்க மாட்டாங்க. சண்டைக்கு வருவாங்க. அப்ப ஒன்பது பேரும் அங்க இருப்போம்.”

மறுநாள் கருக்கலில் ஒன்பது வீட்டாரும் வடக்கு வயலில் இறங்கினர். அழுகலை அள்ளி ஓரத்தில் குவித்தனர். கொத்துகள் வரிசையாய் எழுந்து வரிசையாய் விழுந்தன. கரிய மண் புரண்டு மூச்சுவிட்டது. கோணியருகே அமர்ந்து ஒற்றைச்செருப்பு காய்களைத் தேர்ந்து தேர்ந்து மடிகளில் இட்டான். தராசுக்காரனும் கிடங்குக்குப் போகாமல் வந்து குனிந்திருந்தான். பம்பு அறை நிழலில் நின்று கணக்கர் யாரிடமோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

பாரின் இருமருங்கும், விரல் நுழையும் ஆழத்தில், வேர்ப்பக்கம் கீழாக, ஒவ்வொரு காயாக ஊன்றிக்கொண்டு போனாள் கொத்துக்காரி. பாதிப் பாரில் அவள் மடி வெறுமையாயிற்று. எழுந்து கோணிவரை நடக்க அவள் நிமிருமுன், பக்கத்துப் பாரிலிருந்து ஒரு கை நீண்டு தன் மடியிலிருந்ததில் பாதியை அள்ளி அவள் மடியில் இட்டது. அது யாருடைய கை என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரம் உலர்வதற்குள் அடுத்த காயை ஊன்றினாள்.